பொட்டு வைத்த தோட்டாக்கள்

ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹே நகரில் இருக்கும் தங்கச்சியின் மகள் வீட்டுக்கு அண்மையில் போயிருந்தேன். காலையில் கோப்பி கேட்டேன். கேட்டது என் பிழைதான். அவள் அலுமாரியிலிருந்து ஒரு சின்னத் தராசை எடுத்து, அதன்மேல் கிண்ணத்தை வைத்து, கோப்பிக் கொட்டைகளைப் போடத் தொடங்கினாள். ஒரு கொட்டை கூடிவிட்டது போலிருக்கிறது. அதை நகத்தால் கிள்ளி வெளியே எடுத்தாள். மூச்சுக்கூட விடவில்லை.

"கூடினா என்ன பிள்ளை, வெடிக்குமோ?" என்று கேட்டேன்.

"மாமா, கொஞ்சம் கதைக்காமல் இருங்கோ. தராசு ஆடுது."

தராசுக்கு முன்னால் இப்படியே மூச்சை அடக்கி நின்ற இன்னொருவர் ஞாபகத்துக்கு வந்தார். அவருடைய தராசில் கூடினால் உண்மையிலேயே வெடிக்கும்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்தோம். யார் யாரைக் கைவிட்டது என்பதில் எங்கள் வீட்டில் இன்றைக்கும் இரண்டு கருத்து உண்டு. அதற்குப் பிறகு நான் ஓரிடத்தில் நிலைத்ததில்லை. ஜெர்மனிக்கு வந்தும் அதே கதைதான். தக்காளிக் கூடாரம், கோழி வெட்டும் தொழிற்சாலை, பிறகு ஒரு சர்க்கஸில் ஒட்டகத்துக்குத் தண்ணீர் காட்டும் வேலை. ஒட்டகத்துக்கு என்னைப் பிடிக்கவில்லை. அதனால் வுப்பர்டாலிலிருந்து பஸ் ஏறி, இறங்கி, மலையில் நடந்தும் போகவேண்டிய ஒரு கிராமத்துச் சாப்பாட்டு விடுதிக்கு வந்து சேர்ந்தேன். வேலையோடு சாப்பாடும் படுக்கையும் உண்டு என்றார்கள். படுக்கை கார் நிறுத்தும் கொட்டகைக்கு மேலே. சூடாக்கி கிடையாது. குளிர்காலத்தில் பத்திரிகைத் தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு படுப்போம். ஜெர்மன் எழுத்துகள் முதலில் என் நெஞ்சில் பதிந்தது அப்படித்தான். தலைக்கு ஏறக் கொஞ்சம் காலம் எடுத்தது.

என்னோடு அந்த அறையில் இருந்தவர் ராசன் அண்ணை. யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். இங்கே பாத்திரம் கழுவினார். கழுவும் மிசினுக்கு மேலே முருகனும் சரஸ்வதியும் நீராவியில் சுருண்டுபோய்த் தொங்குவார்கள். வெள்ளிக்கிழமைகளில் அண்ணை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடமாட்டார். மச்சச் சட்டியை மட்டும் தொட்டுக் கழுவுவார். "அது உத்தியோகம், சாப்பாடில்லை" என்பது அவருடைய தீர்ப்பு.

விடுதிக்காரரை நாங்கள் ஷெஃப் என்போம். இங்கே முதலாளி எவரையும் அப்படித்தான் கூப்பிடுவது. சமையலுக்கும் அந்தச் சொல்லுக்கும் சம்பந்தமில்லை. எங்கள் ஷெஃப்புக்கும் சமையலுக்கும் அதைவிடச் சம்பந்தமில்லை. அவருடைய மனம் முழுக்க நிலவறையில் இருந்தது. உருளைக்கிழங்கு அறைக்குப் பக்கத்தில் இன்னொரு அறை. அதில் ஒரு மேசை, மேசையில் போல்ட் போட்டு இறுக்கிய கைநெம்பு இயந்திரம், ஒரு பித்தளைத் தராசு. அங்கேதான் தன் வேட்டைத் துவக்குக்குத் தானே தோட்டா அடைப்பார்.

துவக்கு அவருடைய தகப்பனாரின் சொத்து. அது தின்பது 9.3x72R என்ற பழைய சாதித் தோட்டா. மெழுகுதிரிபோல நீளமாக, ஒல்லியாக இருக்கும். கடையில் கேட்டால் இளம் விற்பனையாளர்கள் உள்ளே போய்ப் பெரியவர்களைக் கூட்டி வருவார்களாம். பெரியவர்கள் வந்து, இல்லை என்பார்களாம். ஆகவே ஷெஃப் பரீட்சை எழுதி, அரசாங்க அனுமதி எடுத்து, சுட்ட வெற்றுக்கோதுகளையே திரும்பத் திரும்பப் பாவித்தார். கோதை இயந்திரத்தில் அமத்தி உருவம் திருத்துவார். அடியிலே நெருப்பு பிடிக்கும் சின்னக் கிண்ணம் ஒன்றைப் பதிப்பார். ஜெர்மன் மொழியில் அதற்குத் 'தொப்பிக்குட்டி' என்பதுபோல ஒரு செல்லப் பெயர். பிறகு வெடிமருந்தைத் தராசில் நிறுத்துப் போட்டு, மேலே ஈயக்குண்டை இருத்துவார். அனுமதி அவருக்கு மட்டும்தான் என்பதால் வாசலில் சோக்கால் ஒரு கோடு கீறியிருந்தார். கோதுகளைச் சுடுநீரில் கழுவிக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வைப்பது என் வேலை. கோட்டுக்கு அந்தப் பக்கம் சட்டம் தொடங்கியது.

அந்தக் கோதுகளை முதன்முதல் கையில் எடுத்தபோது விரலால் நீளத்தை அளந்து பார்த்தேன். ஊரில் சண்டை ஓய்ந்தபிறகு எங்கள் வளவில் பொறுக்கியவை இதைவிடக் குட்டை. அவ்வளவுதான். பிறகு பழகிவிட்டது. மனிதன் எதையும் கழுவப் பழகுவான்.

ஒரு வருடத்து வேட்டையில் ஷெஃப்புக்கு ஓர் அவமானம் நடந்திருந்தது. அழகான பன்றி ஒன்று முன்னால் வந்து நிற்க, அவர் விசையை இழுக்க, 'கிளிக்'. வெடிக்கவில்லை. பன்றி அவரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனதாம். அடியிலிருந்த தொப்பிக்குட்டியில் எண்ணெயோ ஈரமோ பட்டிருக்கவேண்டும் என்று வருடம் முழுக்கப் புலம்பினார். அந்தக் காட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் ஒரு பல் வைத்தியர். அவர் எங்கள் விடுதியிலேயே, எல்லோருக்கும் கேட்க, "அடுத்த முறை தோட்டாவைக் கையால் எறியுங்கள், அது நிச்சயமாகப் போய்ச் சேரும்" என்றார். சிரிப்பு அடங்கியதும் சிரிக்காமல் ஒன்று சொன்னார்: இன்னொரு கிளிக் கேட்டால் இந்தத் துவக்கு சுவரில் தொங்கும், என் காட்டுக்குள் வராது. ஷெஃப் எல்லார் முன்னாலும் கைகொடுத்துச் சம்மதித்தார். தகப்பனின் துவக்கை அந்தக் கைகுலுக்கலில் பணயம் வைத்துவிட்டார்.

அடுத்த வருட வேட்டை ஒரு சனிக்கிழமை. வெள்ளி மத்தியானம் ஷெஃப் கடைசித் தோட்டாவையும் அடைத்து முடித்து, அடிப்பக்கம் மேலே தெரிய மரப்பலகையில் வரிசையாக நிறுத்தினார். கைவசம் இருந்த நல்ல கோதுகள், தொப்பிக்குட்டிகள் எல்லாம் அவற்றில் முடிந்துபோயின. அப்போது பியர் லொறி வந்தது. கதவைப் பூட்டாமல் மேலே ஓடினார். வாழ்க்கையில் ஒருமுறைதான் பூட்ட மறந்திருப்பார்.

அன்றைக்கு ஆயுத பூசை.

ராசன் அண்ணை வருடா வருடம் சமையலறையில் அதைச் செய்வார். கத்திகள், அகப்பை, உருளைக்கிழங்கு தோலுரிக்கும் மிசின் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அன்று கிழங்கு எடுக்க நிலவறைக்குப் போனவர் திறந்த கதவைக் கண்டிருக்கிறார். நான் வெறும் கோதுக் கிண்ணத்தை எடுக்க இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. கைநெம்புக்குச் சந்தனம். தராசுக்குச் சந்தனம். பலகையில் நின்ற ஒவ்வொரு தோட்டாவின் அடியிலும், மிகச் சரியாக நடுவில், அந்தத் தொப்பிக்குட்டியின் மேலேயே, பன்னீரில் குழைத்த ஈரச் சந்தனமும் அதன்மேல் குங்குமமும். அண்ணை கற்பூரத்துக்கு நெருப்புப்பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார்.

"அண்ணை! கொளுத்தாதேங்கோ! மருந்து கிடக்குது!"

"ஐயோ, ஓம் என்ன" என்று பெட்டியைத் திரும்பச் சட்டைப்பையில் செருகினார். "சரி, கற்பூரம் மனசால காட்டுறன்."

"உங்களுக்கென்ன விசரே? இதுகளை ஏன் தொட்டனீங்கள்?"

"ஏன் தொட்டனானோ? பேர் ஆயுத பூசை. வீட்டில உண்மையான ஆயுதம் கிடக்கேக்கை அதை விட்டிட்டு, கிழங்கு உரிக்கிற மிசினுக்குப் பொட்டு வைக்கிறதே? அதோட, மனிசனுக்குப் போன முறை வெடிக்கேல்லை. பாவம்."

இப்படி ஒரு நியாயத்தை எட்டாம் வகுப்பில் சொல்லித் தரவில்லை. அதற்குமேலும் சொல்லித் தருவார்கள் என்று நான் நம்பவில்லை.

ஷெஃப் இறங்கி வந்தார். பார்த்தார். ஒரு தோட்டாவை எடுத்து விளக்கடியில் பிடித்து, விரலால் தொட்டு, முகர்ந்தார்.

"ஈரம்," என்றார். "நேரே தொப்பியில் ஈரம்."

அதற்குப் பிறகு அவர் சொன்னவற்றை இங்கே எழுதினால் அச்சுக்காரர் கோபிப்பார். ராசன் அண்ணைக்குச் சமையலறை ஜெர்மன் மட்டும்தான் தெரியும். "என்னவாம், தம்பி?" என்றார்.

"என்ன பன்னீர் எண்டு கேக்கிறார்."

"இவ்வளவு நேரமோ அதைக் கேட்டவர்?"

"நல்லாப் பிடிச்சிருக்காம்."

"இந்த ஆள் என்ன சொல்கிறான்?" என்று ஷெஃப் என் பக்கம் திரும்பினார். மன்னிப்புக் கேட்கிறார் என்றேன். ராசன் அண்ணை முகம் நிறையச் சிரித்தபடி நின்றதால் அந்த மொழிபெயர்ப்பு எடுபடவில்லை.

சந்தனத்தைத் துணியால் துடைத்தாயிற்று. தொப்பிக்குட்டியைச் சுற்றிய இடுக்கில் இறங்கிய ஈரத்தை எந்தத் துணியால் துடைப்பது? பிரித்து அடைக்கப் புதுத் தொப்பிகள் இல்லை. அடுத்த பட்டணத்துத் துவக்குக் கடைக்குத் தொலைபேசி எடுத்தார். வெள்ளி பின்னேரம் கடை பூட்டு. ஷெஃப் கதிரையில் இருந்து, தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் காதருகே ஆட்டிப் பார்த்தார். வெடிக்குமா இல்லையா என்று ஒரு தோட்டாவிடம் கேட்க ஒரு வழிதான் உண்டு. அந்தக் கேள்விக்குப் பிறகு தோட்டா மிஞ்சாது.

மறுநாள் காலை நானும் ராசன் அண்ணையும் காட்டில் நின்றோம். வேட்டைநாளில் தடியால் மரங்களைத் தட்டிச் சத்தம்போட்டுப் பன்றிகளைக் கலைக்க ஆட்கள் வேண்டும். ஊரில் துவக்குக்காரரைக் கண்டு ஓடியவன் நான். இங்கே செம்மஞ்சள் மேற்சட்டை போட்டு, துவக்குக்காரர் நிற்கும் திசைக்கு நடப்பதற்குக் கூலியும் பட்டாணிச் சூப்பும் தந்தார்கள். ஜெர்மன்காரர் "ஹொப், ஹொப்" என்று கத்த, விஷயம் விளங்கிக் குற்ற உணர்வில் வந்திருந்த ராசன் அண்ணை "அரோகரா" என்று கத்தினார். பன்றிகள் இரண்டுக்கும் சமமாகவே ஓடின.

தேவதாரு மரங்களின் ஓரத்துக்கு நான் வந்தபோது, பக்கவாட்டில் சற்றுத் தள்ளி ஷெஃப் நின்றார். அவருக்கு நேரே, பற்றைக்குள்ளிருந்து ஒரு தனியன் பன்றி வெளியே வந்தது. கிழட்டு ஆண். வாயோரத்துக் கொம்புகள் இரண்டும் வெளியே வளைந்து மஞ்சளாகத் தெரிந்தன. ஓடவில்லை. நின்றது. ஷெஃப் துவக்கைக் கன்னத்தில் வைத்தார். விரல் விசையில். நான் காதைப் பொத்தினேன். வெடிக்குப் பயந்தா, கிளிக்குக்குப் பயந்தா என்று இன்றைக்கும் தெரியாது.

ஒன்றும் கேட்கவில்லை. பன்றி வழியைக் கடந்து மறுபக்கம் மெதுவாகப் போனது. ஷெஃப் துவக்கைத் தாழ்த்தினார். அவர் விசையை இழுக்கவேயில்லை.

பின்னேரம் எல்லோரும் கூடியபோது பல் வைத்தியர் கேட்டார்: "உங்கள் பக்கம்தானே பெரிதாக ஒன்று போனது? என்ன, கிளிக்கா?"

"தாய்ப் பன்றி," என்றார் ஷெஃப். "பின்னால் குட்டிகள்."

குட்டி கூட்டிவரும் தாயைச் சுடுவது இங்கே பெரும் குற்றம். வைத்தியர் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்தார். நல்ல வேட்டைக்காரர் என்று நாலு பேர் முதுகில் தட்டினார்கள். ஷெஃப் என் பக்கம் பார்க்காமல் சூப்பைக் குடித்தார்.

அடுத்த கிழமை எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு சுடுபயிற்சி இடத்துக்குப் போனார். எங்களைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்திவிட்டு முதல் தோட்டாவைப் போட்டார். வெடித்தது. அடுத்ததும் வெடித்தது. பலகை காலியாகும்வரை ஒன்றுகூடப் பொய்க்கவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் ஷெஃப்பின் முகம் இன்னும் கொஞ்சம் தொங்கியது. கடைசியில் பெஞ்சில் இருந்து வானத்தைப் பார்த்தார்.

"பாத்தியே தம்பி, எல்லாம் வெடிச்சிட்டுது! பூசை வீண் போகேல்லை. சொல்லு அவருக்கு" என்றார் ராசன் அண்ணை.

இதை மட்டும் ஒரு சொல்லும் கலக்காமல் சொன்னேன். ஷெஃப் சுட்ட கோதுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டார். பிறகு, "இதை நான் யாரிடமும் சொல்லிப் பெருமைப்படக்கூட ஏலாது. பொட்டுக் கதையைச் சொன்னால், பன்றியை ஏன் விட்டேன் என்று பல் வைத்தியர் கண்டுபிடித்துவிடுவார்" என்றார். அப்புறம் சிரிக்கத் தொடங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேண்டிய அளவுக்குச் சிரித்தார். துவக்கு அவருடைய கையிலேயே இருந்தது, அவர் சாகும்வரை.

நான் அடுத்த கோடையில் வேறு வேலைக்குப் போய்விட்டேன். விடுதி இப்போது முதுகுவலிக்குப் பயிற்சி கொடுக்கும் நிலையம். பல் வைத்தியரும் காலமாகிவிட்டார். ராசன் அண்ணை கனடாவில், ரொறன்ரோவில் மகளோடு இருக்கிறார். தொலைபேசியில் இந்தக் கதையை எடுத்தால், "எந்தப் பன்றி, தம்பி?" என்று மரியாதையாகக் கேட்கிறார். ஆகவே அந்தத் தாய்ப்பன்றிக்குக் கொம்பு இருந்தது என்று அறிந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

போன வருடம் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனேன். மழை இல்லாத கோடைகள் வந்து, பட்டையைத் துளைக்கும் வண்டு வந்து, தேவதாருக்கள் எல்லாம் பட்டுப்போக, வெட்டியெடுத்துவிட்டார்கள். மலை மொட்டையாகக் கிடக்கிறது. பக்கத்தில் ஓர் இளம்பெண் இருந்தாள். அதோ அந்த இடத்தில்தான் என்று தொடங்கி, கையை நீட்டினேன். அவள் பார்த்தாள். அடிக்கட்டைகளும் புல்லும்தான் தெரிந்தன. பன்றியைப் பற்றி அவளுக்குச் சொல்வதென்றால், அதற்கு முதல் அது வெளியே வந்த காட்டைச் சொல்லவேண்டும். அதற்குள் அவள் இறங்கும் இடம் வந்துவிட்டது.