செசிக்குக் கீழே கேட்ட குரல்

நம்பாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்குக் கோபமில்லை. ஆனால் இது கதையல்ல. 1961ஆம் ஆண்டு மாரியில், சீனன்குடாவிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், எனக்கே நடந்தது.

என் மனைவி நஜ்முனுக்குப் பிள்ளைவலி. முதல் பிள்ளை. கொட்டுகிற மழை, ஒரு வாகனமும் இல்லை. பக்கத்துக் கராஜ்காரர் பாக்கியரத்தினத்திடம் மட்டும் ஒரு கார் நின்றது. கடற்படை வெள்ளைக்காரன் ஒருவன் விட்டுப்போன பந்தயக் கார். ஏதோ ஒரு சின்னப் பட்டறை கையால் கட்டியது. சீட் இரண்டே இரண்டு.

"தம்பி, இந்தச் சாதிக் காருக்கெல்லாம் செசி, அதான் அடிச்சட்டம், நடுவில வெடிச்சுப் பிளக்கும். இதுவும் வெடிச்சிட்டுது. ஒட்டித்தான் வச்சிருக்கிறன். ஆள் ஏத்த ஏலாது."

"அவள் மௌத்தாகிடுவாள், அண்ணே!"

கார்த் திறப்பைத் தந்துவிட்டார்.

மாலை 6.20. மஃரிபுத் தொழுகை நேரம். பாலையூற்றுக்குக் கிட்ட ஒரு பள்ளத்தில் விழுந்தோம். மடக்! கார் நடுவில் தொய்ந்தது.

பிறகு... தானாக நிமிர்ந்தது.

காலடியில், தகட்டுக்குக் கீழே, மெல்லிய குரல்.

"விடட்டா?"

நஜ்முன் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "வாய் திறக்காதீங்க!"

அந்தியில் ஆளில்லாத குரலுக்கு எங்கள் ஆட்கள் பதில் சொல்வதில்லை. பேய் இரண்டு தரம்தான் கேட்கும். மூன்றாம் தரமும் கேட்டால் மனிதர்.

ஓதிக்கொண்டே ஓட்டினேன். யா அல்லாஹ், இவளையும் பிள்ளையையும் காப்பாற்று. வேறொன்றும் வேண்டாம்.

"விடட்டா...?"

இப்போது அந்தக் குரலுக்கு மூச்சு வாங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி வாசல். ஊழியர் ஒருவர் ஓடிவந்து நஜ்முனைத் தூக்கி இறக்கினார். நானும் இறங்கினேன்.

"விடட்டா?"

மூன்றாம் தரம். அப்பாடா, மனிதர்தான்! வார்ட்டில் விடட்டா என்று ஊழியர் கேட்கிறார்.

"ஓம், விடுங்க!"

மடார்!

கார் இரண்டு துண்டாக விழுந்தது.

மறுநாள் பாக்கியரத்தினம் அண்ணர் குனிந்து பார்த்தார். "செசி முறிஞ்ச வாய்க்குள்ள முழுக்கச் சேறு. பள்ளத்திலயே முறிஞ்சிட்டுது தம்பி. எப்படியடா இவ்வளவு தூரம் வந்தனீ?"

அந்த ஊழியரையும் தேடிப் பிடித்தேன். அவர் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லையாம்.

நஜ்முன் பிழைத்தாள்.

பிள்ளை மூச்சில்லாமல், மௌத்தாகத்தான் பிறந்தது. ஆண்பிள்ளை. அடக்குவதற்கு நான்தான் குளிப்பாட்டினேன். பொத்தியிருந்த கைகளை மெல்ல விரித்தேன்.

இரண்டு உள்ளங்கையிலும் இரும்புக் கறல், சிவந்த துரு.

தேய்த்தேன்... தேய்த்தேன்... போகவேயில்லை.