கடை கம்ப்யூட்டரில் தங்கிப்போன விண்ணப்பம்

சித்தியின் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இன்றுவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. "கம்ப்யூட்டர் செஞ்ச வேல" என்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வருகிறது.

சித்தி அம்மாவின் தங்கை. சித்தப்பா கொழும்புக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். சித்தி இரண்டு பெண்பிள்ளைகளோடு எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தாள். தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தால்தான் லயத்தில் வீடு. அந்த வீட்டில் அப்படிக் கொழுந்து எடுக்கப் போனது அவள் ஒருத்திதான்.

எல்ல நகரில் ஒரு ஹோட்டலில் சமையலறைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு என்னிடம் வந்தாள். முதல் மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்களாம். நிரந்தரமானால் பிள்ளைகளோடு தங்க அறை உண்டு. அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் உடம்பு சரியில்லை என்று தோட்டத்தில் லீவு சொல்லிவிட்டுப் போவது என்பது சித்தியின் திட்டம். சரிவராவிட்டால் திரும்பி வந்து கூடையைத் தூக்கலாம், வீடும் கையை விட்டுப் போகாது. அதுவரை வெளியே தெரியக்கூடாது. முக்கியமாக, மலையில் நின்று வேலை வாங்கும் கங்காணிக்கு.

நான் அப்போது பதுளையில் கணினி டிப்ளோமா முடித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை தெமோதரையில் ஃபோட்டோகொப்பி, இணையம் எல்லாம் உள்ள ஒரு கொமியுனிகேஷன் கடையில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். அதனால் யாருக்கு என்ன படிவம் வந்தாலும் என்னிடம்தான். கடையில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். ஒருவர் எழும்பி முடிப்பதற்குள் அடுத்தவர் அந்த நாற்காலியில் பாதி உட்கார்ந்திருப்பார். அடையாள அட்டை எண்ணைச் சத்தமாகச் சொல்வார்கள், பின்னால் நிற்பவர் அதைச் சரிபார்த்துத் திருத்தியும் விடுவார்.

சித்தியின் எண்ணை மட்டும் நான் மெதுவாகக் கேட்டு எழுதினேன். 'தற்போதைய வேலையை விடுவதற்கான காரணம்' என்று ஒரு கட்டம் வந்தது.

"குடும்பக் கஷ்டம்னு போடு சாமி."

"எல்லாரும் அததான் போடுவாங்க சித்தி. கொஞ்சம் நல்லா எழுதணும்."

நல்லா எழுதினேன். பல வருடம் உழைத்தும் மரியாதை இல்லை என்றும், மேற்பார்வை செய்பவர் எல்லார் முன்னிலையிலும் தகாத வார்த்தைகளால் ஏசுகிறார் என்றும் எழுதி வாசித்துக் காட்டினேன். சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, உள்ளத அப்பிடியே எழுதிட்டியேடா. அந்த ஆளு பாத்தா?"

"ஹோட்டல்காரங்க மட்டுந்தான் பாப்பாங்க." லொக் அவுட்டை அழுத்தினேன். "பாத்தீங்களா, மூடியாச்சு. இனி யாரு வந்தாலும் தெறக்க ஏலாது."

எவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன்!

அன்று மத்தியானமே கங்காணி தன் மகளோடு வந்தார். அதே ஹோட்டல், வரவேற்பு மேசை வேலை. நான் ஃபோட்டோகொப்பி மெஷினில் சிக்கிய தாளை இழுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை தானாக உட்கார்ந்தாள். ஹோட்டலின் பக்கம் ஏற்கெனவே திறந்து கிடந்தது. முதல் பக்கத்துக்குப் போவோம் என்று பின்னால் போகும் அம்புக்குறியை அழுத்தியிருக்கிறாள்.

"அப்பா, இங்க பாருங்களேன்."

நான் திரும்பியபோது கங்காணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதடு அசைய வாசித்துக்கொண்டிருந்தார். சித்தியின் பேர், எண், படம், நான் எழுதிய காரணம், எல்லாம் முழுசாக நின்றது. ஓடிப்போய் மூடினேன். அவர் கோபப்படவில்லை. "நல்லாத்தான் எழுதியிருக்க தம்பி. படிச்ச புள்ளயில்ல" என்றார்.

மறுநாள் காலைப் பெரட்டில் நடந்ததை அம்மா வந்து சொன்னாள். எல்லாரும் வேலைக்குப் பேர் கொடுக்க நின்றபோது கங்காணி சித்தியைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறார். "வாங்க மேடம். ஒங்களுக்கு மரியாத கொறஞ்சு போச்சாமே. எந்த மலைக்குப் போகணும்னு நீங்களே சொல்லுங்க, நாங்க பின்னால வாரோம்."

சிலர் சிரித்தார்களாம். பக்கத்தில் நின்ற ஒருத்தி மட்டும், "அவ எழுதினதுல என்னங்க பொய்யி?" என்று கேட்டாளாம். அதற்கு எல்லாரும் இன்னும் பெரிதாகச் சிரித்திருக்கிறார்கள். சித்தி சிரிக்கவில்லை. அன்றே ஆபீசில் சொல்லி வைத்துவிட்டார் கங்காணி. இனி சுகமில்லை என்று லீவு கேட்டால் நம்ப வேண்டாம், வராவிட்டால் பேரை வெட்டி வீட்டை வேறு ஆளுக்குக் கொடுக்கலாம் என்று.

அதன் பிறகுதான் நான் கடையில் என் சொந்த விவரத்தைப் போட்டுச் சோதித்தேன். லொக் அவுட் செய்தேன், அம்புக்குறியை அழுத்தினேன். என் படம் என்னையே பார்த்தது. பிரவுசர் ஒருமுறை காட்டிய பக்கத்தைத் திரும்ப இணையத்தில் போய் எடுக்காமல் இருக்கத் தன்னிடமே ஒரு பிரதி வைத்துக்கொள்கிறது. செய்தி, சினிமாப் படம் என்றால் வைத்துக்கொள்ளட்டும். இப்படியான பக்கத்தை வைத்துக்கொள்ளாதே என்று அந்தத் தளத்தைச் செய்தவர் அதற்குச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வரிதான் அது. எழுதவில்லை. நான் அழுத்திய லொக் அவுட் ஹோட்டல் தளத்தின் கதவை மட்டும் சாத்தியது, கடையில் கிடந்த பிரதியைத் தொடவே இல்லை. டிப்ளோமாவில் இதற்கு ஒரு பாடமே இருந்தது. வரைவிலக்கணத்தை மனப்பாடம் செய்து எழுதி முழுப் புள்ளி வாங்கியவன் நான்.

கடை முதலாளியிடம் ஒவ்வொருவருக்குப் பிறகும் எல்லாவற்றையும் அழிப்போம் என்றேன். "நம்ம மலையில சிக்னல் இருக்கிற லட்சணத்துக்கு, அழிச்சா ஒவ்வொண்ணும் திரும்ப லோட் ஆகுற வரைக்கும் சனம் நிக்குமா தம்பி?" என்றார். நான் அவர் பேச்சைக் கேட்காமல் அழித்தேன். "முந்தி டக்குனு வந்திச்சே, இப்ப என்ன இழுக்குது?" என்று வந்தவர்கள் என்னைத்தான் ஏசினார்கள்.

இரண்டு கிழமையில் எல்லவிலிருந்து அழைப்பு வந்தது. சித்தி அன்றும் கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்துக்குப் போய் வந்தாள். பிறகு அம்மாவிடம், "இங்கன நின்னாலும் தெனமும் அந்தக் கும்புடுதான் அக்கா, நான் போறேன்" என்றாள். போனாள். பேரை வெட்டினார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. ஹோட்டலில் இன்னும் நிரந்தரமாக்கவில்லை.

போன ஞாயிறு சித்திக்கு லீவு. அவள் சாமான்களை எங்கள் வீட்டுக்குத் தூக்கினோம். சித்தியின் பிள்ளைகள், தங்கச்சிமார் இரண்டு பேரும் இனி எங்களோடுதான். இரண்டு அறையில் ஆறு பேர். தூக்கும்போது சித்தியிடம் சொல்லிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் தானாக ஒன்றும் செய்யவில்லை, தளத்தைச் செய்தவனும் நானும்தான், தேவையில்லாததை எழுதியதும் நான்தான் என்றேன். ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒனக்கு என்னடா தெரியும், அந்த மெசினு அப்பிடி" என்றாள் சித்தி. "கட்டில அந்தப் பக்கம் தூக்கு. வாசல்ல இடிக்காத, இது இப்ப அடுத்தவங்க வீடு."