ஏழாம் நம்பர் ஜெர்சி

மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரும் குழந்தைசாமியின் மூத்த மகள் மேரிசெல்விக்கு அந்தப் பிப்ரவரியில் இருபது வயதும் இரண்டு மாதமும். கல்லூரிக் கபடி அணியின் கேப்டன். விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். மார்ச் மூன்றாம் தேதி சான்றிதழ் சரிபார்ப்பு. பிரின்சிபாலின் நன்னடத்தைச் சான்றிதழ் இல்லாமல் போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

பன்னிரண்டாம் தேதி வானூரில் நடந்த ஆட்டத்தில் ஒரு புள்ளிக்காகத் தகராறு. ஸ்கோர் எழுதுகிறவரை ஏழாம் நம்பர் பிடித்துத் தள்ளினாள், நாலாம் நம்பர் கெட்ட வார்த்தை பேசினாள் என்று புகார். ஏழு அனுமந்தை ஊர் யுவராணி, நாலு ஷாலினி. இருவரும் ஒரு வாரம் சஸ்பெண்ட்.

மீதி எட்டுப் பேரும் பதினாறாம் தேதி காலை ஒன்பதரைக்கு பிரின்சிபால் அறை முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். யாரும் யாரையும் தள்ளவில்லை என்று கோஷம் எடுத்துக் கொடுத்தவள் மேரிசெல்வி.

தள்ளியவளும் அவள்தான். இடைவேளையில் அவளுடைய ஜெர்சி தோளில் கிழிந்துவிட, ஆடாமல் உட்கார்ந்திருந்த யுவராணியினுடையதை வாங்கிப் போட்டுக்கொண்டாள். இது பத்துப் பேருக்கும் தெரியும். “உனுக்கு சர்ட்டிபிகேட் வேணும். ஒரு வாரம் வூட்ல தூங்கினா எனுக்கு இன்னா போச்சு?” என்று யுவராணியே எல்லோர் வாயையும் கட்டியிருந்தாள்.

மூன்றாம் நாள் பிற்பகல் பிரின்சிபால் தேசப்பன் வெளியே வந்தார்.

“நாலு மணிக்கு யுவராணிக்கு டி.சி. போகுது. அப்புறம் எத்தினி நாள் வேணும்னாலும் உக்காருங்கம்மா. ஃபேன் போடச் சொல்றேன்.”

மேரிசெல்வி யுவராணியைப் போனில் கூப்பிட்டாள். “வாயத் தொறந்த, கொன்னுடுவேன்” என்றாள் யுவராணி. “எங்கம்மாகூட மீன் கூடை தூக்கப் போறேன். உன்ன மாதிரி போலீசு வந்து கேட்டா ஓசியில மீனு தர மாட்டேன்.” சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது.

மூன்று நாற்பதுக்கு மேரிசெல்வி எழுந்தாள். பக்கத்தில் இருந்தவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். “உக்காருடி.”

“அவ உள்ள வரணும்னுதான உக்காந்தோம்?”

உள்ளே போனாள். “சார், அன்னிக்கு ஏழு போட்டிருந்தது நான். தள்ளினதும் நான்தான்.”

தேசப்பன் நிமிர்ந்தார். “அப்போ மூணு நாளா கோஷம் போட்டது?”

“அதுவும் நான்தான் சார்.”

எழுதிக் கொடுக்கச் சொன்னார். பதினோரு வரி எழுதி, மணி மூன்று ஐம்பத்திரண்டு என்று போட்டுக் கையெழுத்திட்டாள். ஒரு மாதம் சஸ்பெண்ட். நன்னடத்தைச் சான்றிதழ் கிடையாது என்பதையும் அவள் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

நான்கரைக்கு யுவராணி வந்தாள். பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிய மேரிசெல்வியை ஏறிட்டும் பாராமல், நேரே போய் வரிசையில் உட்கார்ந்தாள்.

“உன்னத்தான் சேத்துக்கிட்டாங்களே, இப்ப யாருக்குடி உக்கார்ற?” என்று மேரிசெல்வி திரும்பி நின்று கேட்டாள்.

“ஷாலினிக்கு. உனுக்கு இல்ல, போ.”