நான் தைத்த சாக்கு

ஆகாயத்தாமரை அழுகும் வாடை வந்தால் இன்றும் எனக்குக் குமட்டும். ஞாயிறு ஆராதனையில் எல்லாரும் கைகளை உயர்த்திப் பாடிக்கொண்டிருப்போம். சபைக்குப் பின்னால் ஓடும் வடிகாலிலிருந்து அந்த வாடை சன்னல் வழியே ஏறி வரும். என் கைகள் தானாக இறங்கிவிடும்.

விசுவாசக் குடும்பத்தாரே, போன வருஷம் இதே இடத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு சாட்சி சொன்னேன். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி ஒரு வருஷமாக என் தொண்டையில் கிடக்கிறது.

எங்கள் ஊர் கீழ்வேளூருக்குத் தெற்கே, நெல்லைத் தவிர வேறெதுவும் தெரியாத ஊர். நான் பிறந்தது கத்தோலிக்க வீட்டில். நாற்பது வயதில் ஆற்றில் மூழ்கி ஞானஸ்நானம் எடுத்தேன். அக்கா ஆரோக்கியமேரி எடுக்கவில்லை. புருஷனை இழந்தவள். எனக்கு அடுத்த வீடு. ஒரு ஏக்கர் குத்தகை நிலம், மாடத்தில் இரண்டடி உயர மரத்தில் செய்த அந்தோணியார் சுரூபம், அவர் கையில் குழந்தை இயேசு. அவளுக்கென்று இருந்தது அவ்வளவுதான். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோணியார் என்பது எங்கள் தெருவின் நம்பிக்கை. காணாமல்போன கன்றுக்குட்டிக்காகச் சின்ன வயதில் நானும் அவர் முன்னால் மண்டியிட்டு அழுதவன்தான்.

அப்புறம் எனக்கு வைராக்கியம் வந்தது. அவள் மெழுகுவர்த்தி ஏற்றும்போதெல்லாம் வாசலில் நின்று பிரசங்கம் செய்வேன்.

"மரக்கட்டைகிட்ட ஏன்க்கா கேக்குற?"

"உன் பொண்டாட்டி போட்டோவ போன்ல வச்சிருக்கியே, போனையாடா கட்டிக்கிட்ட?"

"போட்டோகிட்ட நான் சோறு கேக்கலயே."

"நீ எங்க கேட்ட? கேக்காமயே என் அடுப்படியில வந்து உக்காந்து திம்ப."

அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். எனக்கு எரியும். போதகரிடம் போய்ச் சொன்னேன். "உங்க ரத்தத்துல ஒரு விக்கிரகம் உக்காந்திருக்குற வரைக்கும் உங்க ஜெபம் கூரைக்கு மேல போகாது, பிரதர்" என்றார். அவர்மேல் பழி போடவில்லை. அவர் வார்த்தைதான் சொன்னார். கை என்னுடையது.

ஆவணிக் கடைசியில் அக்கா காவிப் புடவை கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்தாள். சாவியை என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போனாள். அன்று மத்தியானமே நான் அந்தோணியாரை மாடத்திலிருந்து இறக்கினேன். எரிக்கத்தான் நினைத்தேன். தீக்குச்சியைக் கிழித்தும் விட்டேன். கன்றுக்குட்டி ஞாபகம் வந்தது. குச்சி விரலைச் சுட்டு அணைந்தது. நெல் சாக்கில் போட்டு, மிதக்காமல் இருக்க இரண்டு செங்கல்லும் வைத்து, வாயைத் தைத்தேன். அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையத்தில் சாக்கு தைப்பதுதான் என் வேலை. ஊரில் தைப்பவர்களில் இடது கைக்காரன் நான் ஒருவன். என் தையல் எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்கும். மூட்டையை வடிகாலில், ஆகாயத்தாமரைக்குக் கீழே அமுக்கிவிட்டு வீட்டுக்கு வந்து ஸ்தோத்திரம் சொன்னேன்.

வடிகாலில் போட்டது போட்ட இடத்தில் கிடக்காது. இது தெரியாத விவசாயி இந்தப் பக்கத்தில் கிடையாது. அன்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா திரும்பி வந்தாள். காலெல்லாம் கொப்புளம். வெறும் மாடத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"சாவி உன்கிட்டதானடா இருந்துச்சு?"

"எனக்கென்னக்கா தெரியும்? நான் வயல்ல கெடந்தேன்."

"எது தொலைஞ்சாலும் அவருகிட்ட கேப்பேன். இப்ப அவரையே காணும். யாருகிட்ட போயி கேக்குறது?" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. அதன் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

கார்த்திகை மழை பிடித்தது. ஐந்து நாள் விடவில்லை. சம்பாப் பயிர் தண்ணீருக்குள் போனது. மழை ஓய்ந்தும் எங்கள் பக்கத்துத் தண்ணீர் வடியவில்லை. ரோட்டுக்குக் கீழே போகும் சிமெண்ட் குழாயில் எங்கோ அடைப்பு. ஆட்கள் ஆகாயத்தாமரையை வாரி வாரிக் கரையில் போட்டார்கள். தண்ணீர் ஒரு சாண்கூட இறங்கவில்லை. அக்கா வயல்தான் பள்ளம். பயிரின் நுனிகூட வெளியே தெரியவில்லை. அவள் வரப்பு இருந்த இடத்தைத் தேடிப் போய் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். அழவில்லை. வெறுமனே நின்றாள். அந்தப் பயிர் போனால் குத்தகை போகும், குத்தகை போனால் அவளுக்கு இந்த ஊரே இல்லை.

நான் கரையில் முழங்கால் போட்டேன். சேறு தொடைவரை ஏறியது. "ஆண்டவரே, அக்காவின் பயிரைக் காப்பாற்றும். அடைப்பு எங்கே என்று எனக்குக் காட்டும்." அவ்வளவுதான் என் ஜெபம். அதைவிட உண்மையாக நான் என்றுமே ஜெபித்ததில்லை.

இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மூழ்கினேன். கும்மிருட்டு. குழாயின் வாயைத் தடவினேன். வேர், மட்டை, சேறு, பிறகு சாக்கு. விரல் தையலில் பட்டது. தையல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.

காட்டும் என்று கேட்டேன். காட்டிவிட்டார்.

ஒரு மூச்சு நேரம், அதை அங்கேயே விட்டுவிடலாமா என்று நினைத்தேன். இதையும் நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் அழுதால் யாருக்கும் தெரியாது. பிறகு இடுப்புக் கயிற்றை அவிழ்த்துச் சாக்கில் சுற்றி முடிந்துவிட்டு மேலே வந்தேன். ஆறு பேர் சேர்ந்து இழுத்தார்கள். குழாய் இரைந்தது. தண்ணீர் ஓடியது.

யாரோ அரிவாளால் சாக்கின் பக்கவாட்டைக் கிழித்தார்கள். அந்தோணியார் வெளியே உருண்டார். மூக்கு போயிருந்தது. கையில் இருந்த குழந்தை இயேசுவைக் காணோம். உடைந்து எங்கோ போய்விட்டார். விக்கிரகத்தை ஒழிக்கப் போனவன் யாரை உடைத்தேன் என்று பாருங்கள்.

கத்தோலிக்கத் தெருக்காரர்கள் வெடி போட்டு, அந்தோணியாரே வந்து வடிகாலைத் திறந்தார் என்றார்கள். நம் சபையில் ஜெபம் திறந்தது என்றார்கள். ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கத்திக்கொண்டார்கள். அழுகிய பயிரை யாரும் பார்க்கவில்லை. போதகர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "சாட்சியில சாக்கு பத்தி வேணாம், பிரதர்" என்றார். நானும் சரி என்றேன். அக்கா மட்டும் கிழிந்த சாக்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள்.

கால்வாசிப் பயிர் பிழைத்தது. அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் தை முடிந்ததும் நிலக்காரர் குத்தகையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்.

இன்றும் நான் சுரூபத்தின் முன் மண்டியிடுவதில்லை. அது என் விசுவாசம், அதில் மாற்றம் இல்லை. ஆனால் அடுத்தவர் வாசலில் நின்று பிரசங்கம் செய்வதை விட்டுவிட்டேன். என் ஜெபத்துக்குப் பதில் வந்தது, சந்தேகமே வேண்டாம். நீங்களும் கேளுங்கள். எங்கே அடைப்பு என்று கேளுங்கள். காட்டுவார். காட்டுவதைப் பார்க்கும் தெம்போடு கேளுங்கள்.

அக்கா திருப்பூருக்கு, மகள் வீட்டுக்குக் கிளம்பினாள். கீழ்வேளூர் பஸ் ஸ்டாப் வரை பையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒயர் கூடையில் துண்டு சுற்றிய அந்தோணியார், மூக்கில்லாத முகம் மட்டும் வெளியே. பஸ் தூரத்தில் தெரிந்தபோதுதான் எனக்கு வாய் வந்தது.

"அக்கா, அந்தச் சாக்க..."

அவள் கூடையின் அடியிலிருந்து அதை எடுத்தாள். துவைத்து, நான்காக மடித்து வைத்திருந்தாள். தையல் மேலே தெரிந்தது.

"கரையிலயே பாத்துட்டேன்டா. இடது கைத் தையல் இந்த ஊர்ல வேற யாருக்கு இருக்கு?"

"ஏன்க்கா அப்பவே கேக்கல?"

"நீயா சொல்லுவன்னு பாத்தேன். கார்த்திகை போச்சு, மார்கழி போச்சு, தையும் போச்சு."

சாக்கை என் கையில் வைத்தாள். பஸ் வந்து நின்றது. காலில் விழக் குனிந்தேன். தோளைப் பிடித்து நிறுத்தினாள். ஏறி சன்னலோரம் உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். "இனிமே ஊருக்கு வரமாட்டியாக்கா?" என்று கேட்டேன். பஸ் நகர்ந்தது. அக்கா தலையை வெளியே நீட்டிச் சொன்னாள்:

"எங்க அந்தோணியாரு தொலைஞ்சதத்தான் கண்டுபுடிச்சுக் குடுப்பாரு தம்பி. தூக்கி எறிஞ்சத இல்ல."