த்ரீ எக்ஸ்எல்லுக்கு இனி நான்தான்

எங்கள் பனியன் கம்பெனியில் த்ரீ எக்ஸ்எல் சாம்பிள் தைத்து வந்தால், போட்டுப் பார்க்கக் கவிதாவைத்தான் கூப்பிடுவார்கள். அவள் இருந்ததால் இத்தனை வருடம் நான் தப்பித்தேன்.

வயிற்றைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவள், நான்கு மாதம் கழித்து இன்று வேலைக்கு வந்தாள். அடையாளம் தெரியாமல் வாட்ச்மேன் ஐடி கார்டு கேட்டாராம். அதை அவள் சிரித்துச் சிரித்துச் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மதியம் கேன்டீனில் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"வயித்த வெட்டி எடுத்தா யாருக்குத்தானுங்க எடை குறையாது? நாமெல்லாம் நடையா நடக்கறோம். அவ குறுக்கு வழியில போயிட்டா."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் நடப்பது பஸ் ஸ்டாப்பிலிருந்து கம்பெனி வரைக்கும்தான்.

திரும்பினால், பின்னால் கவிதா. தட்டில் ஒரே ஒரு இட்லி.

"மொதல்ல தண்ணியே ஸ்பூன்லதான் குடிச்சேனுங்க அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று மணிக்கு, நான்கு மாதத்தில் முதல் தடவையாக ஒரு த்ரீ எக்ஸ்எல் சாம்பிள் வந்தது. பேட்டர்ன் மாஸ்டர் பழக்கத்தில் "கவிதா" என்று கூப்பிட்டார். வந்து நின்றவளைப் பார்த்தார். பிறகு அவர் கண் ஹால் முழுக்கச் சுற்றி என்னிடம் வந்து நின்றது.

"ஏனுங்க, நீங்க கொஞ்சம் போட்டுப் பாக்கறீங்களா?"

போட்டுக்கொண்டு வந்தேன்.

"அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்குதுங்க!" மாஸ்டருக்கு அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் கவிதாவிடம் வாட்ஸ்அப்பில் டாக்டர் நம்பர் கேட்டேன். நீல டிக் விழுந்து ஒரு மணி நேரமாகிறது. பதில் இல்லை.

அவள் இடத்தில் நீங்கள் இருந்தால் அனுப்புவீர்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.