அவரையால் வந்த கூட்டம்

எங்கள் ஊர் தளியில் என் மருமகள் சுகுணா சமையல் வலைப்பூ எழுதினாள். ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. மூடிவிடலாம் என்றிருந்தவள், கடைசியாக எல்லோரும் எழுதும் பொதுத் தளம் ஒன்றில் அவரைக் குழம்பு எழுதி, அடியில் வலைப்பூ முகவரியும் கொடுத்தாள்.

"அவரைக்காய ஊறவச்சுத் தோல் பிதுக்கணுமா? கிறுக்கா?" என்று ஒரு மதுரைக்காரி கேட்க, தளமே சிரித்ததாம்.

"நாம அவரைங்கறது அவங்களுக்கு மொச்சையாம் அத்தை."

"மானம் போவுது, அழிச்சுத் தொலைடி."

"மாட்டேன். சிரிக்கறவங்கள நம்ம வூட்டுக்கே கூப்புடறேன்."

ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினாள். பிதுக்கிக் காட்டும் படங்களை வலைப்பூவில் வைத்து, அங்கே அழைத்தாள். சிரிக்க வந்தவர்கள் மற்ற சமையலையும் படித்துவிட்டு, மறுபடி வந்தார்கள். மூடும் பேச்சு அதோடு போயிற்று.

நேற்று பஸ்ஸில் ஒருத்தி, "அவரைக்கார சுகுணா மாமியாரா நீங்க?" என்றாள்.

"பின்ன, வேற யாரு?" என்றேன்.