நான்கு மூடி வைத்த பவுசர்

பிற்பகல் ஒன்று ஐம்பத்திரண்டு. எங்கள் ஆசிரியர் அறைக் கடிகாரம் எப்போதும் நான்கு நிமிடம் முந்தி ஓடும் என்பதால், கைத்தொலைபேசியில் பதிந்திருந்த நேரத்தையே சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புக் கொப்பிகளைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தபோது குறிகட்டுவான் பஸ்ஸின் கண்டக்டர் அழைத்தார். அவருடைய மகள் என் வகுப்பில் படிக்கிறாள். "டீச்சர், பதறாதையுங்கோ" என்றுதான் தொடங்கினார். அந்தச் சொல்லோடு தொடங்கும் செய்தியைக் கேட்டுப் பதறாத தாய் ஒருத்தியை நான் இன்னும் காணவில்லை. "உங்கடை மகன்ரை தண்ணிப் பவுசர் தாம்போதியிலை ஒரு பக்கம் இறங்கி நிக்குது. தம்பி உள்ளுக்கைதான். கதைக்கிறார். கால் மட்டும் இறுகிப்போச்சு."

தாம்போதி என்பது வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் கல்லணைப் பாதை. இரண்டு பக்கமும் கடல். ஆழம் இடுப்பளவுதான். ஆனால் லொறி கவிழ்ந்து கேபின் தண்ணீருக்குள் போனால் உள்ளே அகப்பட்டவனுக்கு இடுப்பளவு போதும். ஸ்கூட்டரில் போன அந்தப் பத்து நிமிடமும் இந்தக் கணக்கைத்தான் மனம் திரும்பத் திரும்பப் போட்டது. அதன் அடியில் இன்னொரு நினைவும் கிடந்தது. ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் அந்தத் தாங்கி லொறிக்கு, அந்தப் பவுசருக்கு எதிராக நான் இரண்டு கடிதம் எழுதியிருந்தேன்.

அதைச் சொல்வதற்கு முதல் கரம்பொனில் லொறிக் கராச் வைத்திருக்கும் அண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும். சிறுவயதில் அவரும் நானும் ஒரே பள்ளிக்கூடம். எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தார். ஆசிரியையாகி நான் திரும்பி வந்த நாளிலிருந்து என்னை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுகிறார். அதில் பாதி மரியாதை, மீதி கேலி. ஓடிக் களைத்த பெரிய லொறிகளைத் தெற்கில் ஏலத்திலும் தனியாரிடமும் வாங்கி, தீவுக்குக் கொண்டுவந்து, வேறொரு வேலைக்கு ஏற்றதாக மாற்றிக்கொடுப்பது அவருடைய தொழில். கல் ஏற்றியது தண்ணீர் ஏற்றும். மரக்கறி ஏற்றியது படகு ஏற்றும். அவருடைய வளவுக்குள் பனங்குற்றிகளின் மேல் சக்கரம் இல்லாத லொறிகள் நிற்கும். கழற்றிப் போட்ட டிப்பர்ப் பெட்டிகளின் நிழலில் அயல்வீட்டு ஆடுகள் அசைபோடும்.

லொறி வாங்க அவர் போகும்போது சேட்டுப் பையில் கைலேஞ்சியால் சுற்றிய ஒரு காந்தம் இருக்கும். கேபின் தகட்டில் அதை வைத்து மெதுவாக இழுப்பார். பிடிக்காமல் வழுக்கும் இடத்தில் பெயின்றுக்குக் கீழே பூசி மறைத்த ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். விற்பவர் மீட்டரைக் காட்டி, குறைவாகத்தான் ஓடியது என்பார். அண்ணை குனிந்து கிளச்சுப் பெடலின் ரப்பரைத் தடவிப் பார்ப்பார். "மீட்டரைத் திருப்பலாம். தேஞ்ச ரப்பரை ஆரும் திருப்பேலாது" என்பது அவருடைய வாக்கு. எண்ணெயோ மருந்தோ ஏற்றிய தாங்கியைத் தண்ணீருக்கு அவர் தொடவே மாட்டார். எவ்வளவு கழுவினாலும் இரும்புக்கு ஞாபகம் போகாது என்பார். வெறும் சட்டகத்தை வாங்கி, தாங்கியைப் புதிதாகச் செய்து ஏற்றுவார்.

கோடையில் எங்கள் பக்கத்துக் கிணறுகள் உவர்த்துப்போகும். தேநீரிலும் உப்புக் கரிக்கும். வெளிநாட்டிலிருக்கும் ஊரவர்கள் கைகொடுக்க, ஊர்ச் சங்கம் சொந்தமாக ஒரு பவுசர் செய்விப்பதென்று தீர்மானித்தது. நான் சங்கத்தின் செயலாளர். கல்லுடைக்கும் இடத்தில் வேலை செய்த ஒரு பழைய டிப்பரை அண்ணை இதற்கென்று வாங்கி வந்தார். தூக்கும் தண்டைக் கழற்றினார். வெடித்திருந்த சட்டகத்துக்கு உட்பக்கமாக இரும்பு வைத்து வெல்டிங்கில் ஒட்டினார். பிறேக் முழுவதையும் பிரித்துப் புதிதாகப் பூட்டினார். அதன்மேல் துருப்பிடிக்காத தகட்டில் தாங்கி எழும்பியது.

பிரச்சினை அந்தத் தாங்கிக்குள்தான் வந்தது. உள்ளே குறுக்காக மூன்று தகடுகள் வைத்திருந்தார். ஒவ்வொன்றின் அடியிலும் கையகலத்தில் ஒரு துவாரம். தண்ணீர் அதன் வழியாக மட்டும் மெதுவாகப் போய்வரும். மேலே ஆள் இறங்க ஒரே ஒரு மூடி. முன்பு வாடகைக்கு வந்த ஒரு பவுசரில் இப்படியான தகடுகளுக்குப் பின்னால் பாசி படிந்து, பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்ததை நாங்கள் மறக்கவில்லை. ஆகவே சங்கம் கூடி, தகடுகளை வெட்டி எடுத்து உள்ளே திறந்த ஒரே அறையாக விடும்படி கேட்பதென்று முடிவெடுத்தது. கடிதத்தை நான் எழுதினேன். 'சுகாதாரத்தை முன்னிட்டு' என்று தொடங்கிய நல்ல கடிதம். தீவில் இருக்கும் எவரும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். எங்களுக்குத் தண்ணீர் என்றால் குடிப்பது. அதற்குப் பாரம் உண்டு, அது ஓடும், தள்ளும் என்ற நினைப்பே எங்களுக்கு வரவில்லை.

அண்ணை கடிதத்தை நின்றபடியே முழுவதும் வாசித்தார். "எழுத்து முத்து மாதிரி இருக்கு டீச்சர்" என்றார். பிறகு சொன்னார்: "நிறைஞ்ச தாங்கி சொன்ன சொல் கேக்கும். வெறுந் தாங்கியும் கேக்கும். இந்த அரைத் தாங்கிதான் ஆற்றை சொல்லும் கேளாது. லொறி பிறேக் பிடிச்சு நிண்டாலும் உள்ளுக்கை தண்ணி தன்ரை பாட்டிலை போய்க்கொண்டிருக்கும்."

"அப்ப பிள்ளையளின்ரை வயிறு, அண்ணை?"

அவர் கடிதத்தை நான்காக மடித்துச் சேட்டுப் பையில், காந்தத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

தருவதாகச் சொன்ன நாள் போனது. மேலும் மூன்று கிழமை போனது. ஊர் அவரைத் திட்டியது. நான் இரண்டாவது கடிதம் எழுதினேன். அது அவ்வளவு நல்ல கடிதமல்ல. 'பொறுப்பற்ற' என்ற சொல்லை அதில் போட்டிருந்தேன். கடைசியில் போய்ப் பார்த்தால் தகடுகள் மூன்றும் அப்படியே இருந்தன. தாங்கியின் மேலேதான் ஒன்றுக்குப் பதிலாக நான்கு மூடிகள். ஒவ்வொரு அறைக்கும் தனியாக ஆள் இறங்கித் தேய்த்துக் கழுவலாம். மேல்தகட்டை மூன்று இடத்தில் வெட்டி, மூடிக்கு வளையம் கடைந்து, ரப்பர் பதித்து, ஒழுகாமல் பொருத்த அவ்வளவு நாள் எடுத்திருக்கிறது. கேட்ட கேள்விக்கு அவர் சொன்ன பதில் அதுதான்.

"ஏறி உள்ளுக்கை பாரும் டீச்சர். செயலாளரெல்லோ" என்றார்.

"சீலையோடை எப்பிடி அண்ணை ஏறுறது?"

வந்திருந்த சங்கத்தார் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "அப்ப லொறி ஓடப்போறவர் பாக்கட்டும்" என்று என் மகனைக் கூப்பிட்டார். உயர்தரம் முடித்தவன், மேசைக்கு முன்னால் இருக்கும் கந்தோர் உத்தியோகம் ஒன்றில் அவனைக் காணவேண்டும் என்பது என் ஆசை. அவனோ கனரக வாகன உரிமம் எடுத்துக்கொண்டு வந்து நின்றான். ஊர்ப் பவுசர்தானே, கண்ணுக்கு எட்டிய தூரத்தில்தானே ஓடுவான் என்று மனதைத் தேற்றியிருந்தேன். புதிதாகச் செய்த தாங்கிக்குள் முதல் தண்ணீர் விழுவதற்கு முன்பு அதன் சாரதி உள்ளே போய் இருக்கவேண்டும் என்பது அந்தக் கராச்சின் வழக்கம். அண்ணை வெளியே சுத்தியலால் ஒட்டு ஒட்டாகத் தட்டிக்கொண்டு வருவார். சத்தம் பிசகும் இடத்தை உள்ளிருப்பவன் சொல்லவேண்டும். மகன் நான்கு அறைக்குள்ளும் இருந்துவிட்டு, காது அடைத்துப்போய், கோவில் மணிக்குள் இருந்தவன்போல் சிரித்துக்கொண்டு வெளியே வந்தான். "ஒண்டும் பிசகேல்லை மாமா!" என்று எங்களுக்கெல்லாம் கேட்கக் கத்தினான். ஒன்றரை வருடத்துக்கு முந்திய கதை.

தாம்போதிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பவுசரின் முன் இடச்சக்கரம் பாதையைவிட்டு இறங்கி, மூக்கு கடலைப் பார்த்துக் குனிந்திருந்தது. வேலணைப் பக்கத்தில் பாதித் தண்ணீரை இறக்கிவிட்டு மீதியோடு எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்திருக்கிறான். எதிரே வந்த வான் ஒன்று சைக்கிள்காரரை விலத்திக்கொண்டு நடுவுக்கு வந்திருக்கிறது. இவன் இடப்பக்கம் ஒதுங்க, ஓரக்கல் சரிந்துவிட்டது. பின்னால் வந்த பஸ்ஸில் நயினாதீவுக் கோவிலுக்குப் போகும் சனம். அவர்கள்தான் முதலில் ஓடி வந்தவர்கள். பாரத்தைக் குறைக்கலாம் என்று நல்லெண்ணத்தில் பின்பக்க வால்வைத் திறந்திருக்கிறார்கள். கொஞ்சத் தண்ணீர் போனதும் பின்பகுதி இலேசாகி, லொறி முனகிக்கொண்டு இன்னும் ஒரு சாண் முன்னால் இறங்கியதாம்.

அந்த நேரத்தில்தான் கண்டக்டரின் தொலைபேசியில் அண்ணை கிடைத்திருக்கிறார். நான் போனபோது அவருடைய குரல் அவருடைய லொறி இரைச்சலுக்கு மேலாக ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தது. "பின்வால்வைப் பூட்டியாச்சோ? சரி. இப்ப எல்லாத் தண்ணியும் முன்னுக்குத்தான் சாயப் பாக்கும். முதலாம் மூடியைத் திறந்து அங்கையிருந்து அள்ளுங்கோ. அள்ளிக்கொண்டே இருங்கோ. நான் வாறன்."

அள்ளுவதற்குப் பஸ்ஸில் ஒரு வாளிதான் இருந்தது. கூட்டத்தில் நயினாதீவு ஐயர் ஒருவர். கோவில் அலுவலுக்கென்று பட்டணத்தில் வாங்கிய ஐந்து புதுப் பித்தளைக் குடங்களோடு வந்திருந்தார். ஒருவரும் அவரைக் கேட்கத் துணியவில்லை. அவராகவே குடங்களைச் சுற்றியிருந்த கடதாசியைக் கிழித்தார். "என்ன பாக்கிறியள்? குடம் தண்ணி அள்ளத்தானே" என்று முதல் குடத்தை மேலே நீட்டினார்.

மகன் என்னைக் கண்டுவிட்டான். முகம் வெளிறியிருந்தது. "அம்மா, அங்காலை நில்லுங்கோ. கிட்ட வரவேண்டாம்" என்றான். நான் தள்ளி நிற்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தாங்கியின் பின் ஏணியில் ஏறி, மேலே தவழ்ந்து முதலாம் மூடிவரை போனேன். ஒரு குடத்தை வாங்கிக் குனிந்தபோது உள்ளே பார்த்தேன். ஒன்றரை வருடத்துக்கு முன்பு பார்க்கச் சொல்லியும் நான் பார்க்க மறுத்த இடம். முன்னறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே அந்தத் தகடு நின்றது. அதற்கு அப்பால் தண்ணீர் மோதும் சத்தம் கேட்டது. இப்பால் அடித்துவாரத்தின் வழியே அமைதியாக ஊறி வந்தது. நாங்கள் அள்ளும் வேகத்துக்கு மேல் அது வரவில்லை. என் கடிதப்படி வெட்டியிருந்தால், சக்கரம் இறங்கிய அந்தக் கணத்திலேயே அவ்வளவு தண்ணீரும் ஒரே வீச்சாக முன்னால் பாய்ந்து என் பிள்ளையைக் கடலுக்குள் தள்ளியிருக்கும். எங்கள் ஊரில் பெண்கள் வெறும் தண்ணீர்க் கான்களோடு காத்திருக்க, அந்த நல்ல தண்ணீரைக் குடம் குடமாக உப்புக் கடலில் ஊற்றினோம். மூக்கு இறங்குவது நின்றது. லொறியின் முனகலும் நின்றது.

இப்போது மகன் அடுத்த அறையில் மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு இருக்கிறான். பவுசர் எப்போது கராச்சிலிருந்து வெளியே வரும் என்று நாளுக்கு இரண்டு தரம் கேட்கிறான். தெருவில் பெரிய லொறிச் சத்தம் கேட்டால் இன்னும் வாசல் படலைவரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன். அவன் மறுபடியும் ஓட்டுவான் என்பது எனக்குத் தெரியும். ஓட்டத்தான் வேண்டும் என்றால் அந்தக் கைகள் செய்ததை ஓட்டட்டும் என்ற அளவுக்கு வந்திருக்கிறேன். அதற்கு மேல் என்னால் ஏலாது.

அன்று இரண்டு ஐம்பதுக்கு அண்ணை தாம்போதிக்கு வந்தார். முன்னால் இரும்புக்கயிற்று உருளை பூட்டிய, அவரே ஒட்டிச் சேர்த்த கிழட்டு லொறியில் வந்து இறங்கி, ஒருவருடனும் பேசாமல் எங்கள் பவுசரின் பின் சட்டகத்தில் கயிற்றைக் கொளுவி, விறைக்க இழுத்து நிறுத்தினார். பிறகுதான் கேபினுக்குள் தலையை விட்டார்.

"தம்பி, சாப்பிட்டனியோ?"

"இல்லை மாமா."

"அப்ப கெதியாய் எடுப்பம்."

நெளிந்த கேபின் தகட்டைக் கடப்பாரையால் விலத்தி, அவனுடைய காலை ஒரு முட்டையை எடுப்பதுபோல் எடுத்து, தோளில் சாத்தி இறக்கினார். ஐயரின் சால்வையை விரித்து அதில் இருத்தினார்கள். நான் இன்னும் தாங்கியின் மேலேதான், நனைந்த சேலையோடு, குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இறங்கத் தெரியாமல் இருந்தேன். அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"டீச்சர், உள்ளுக்கை அந்தத் தகட்டைக் கண்டீரோ?"

"கண்டனான் அண்ணை."

"இப்ப சொல்லும். வெட்டட்டோ?"